கதவைக் கழட்டிக் கடலுக்குப் போன குருவம்மா

காலை நீட்டாதடி. என் பங்குப் போர்வையையும் நீயே இழுத்துக்கிட்டா நான் எதைப் போத்திக்குவேன்? ஆங், இப்படி ஒருக்களிச்சுப் படு. இங்க பாரு தேனு, அத்தை முன்னாடியே சொல்லிப்புட்டேன். நான் நிறுத்துற இடத்துல எல்லாம் "ம்" போடணும். "ம்" வரலைன்னா கதை அங்கேயே நின்னுபோகும், நான் பாட்டுக்குத் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டுருவேன். சம்மதமா?

"ம்."

கதை ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள என்ன "ம்"? இது செல்லாது. சரி, கேளு.

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சாம். அந்த வீட்டுக்குக் கதவே கிடையாதாம்.

"ஏன் அத்தை கதவில்ல?"

அவசரக்குடுக்கை! அதைச் சொல்லத்தானே வாயைத் தொறந்தேன். அந்த வீட்டுல ஒரு பொம்பளை. பேரு குருவம்மா. அவ வீட்டுக்காரன் பேரு மலைச்சாமி. பேருதான் மலை, பொழப்பெல்லாம் கடல்ல. அவங்ககிட்ட ஒரு வத்தை இருந்துச்சு. வத்தைன்னா சின்னப் படகு, நடுவுல ஒரு மரம், மரத்துல ஒரு பாய். காத்து அடிச்சா ஓடும், அடிக்கலைன்னா நிக்கும். அவ்வளவுதான் அதோட படிப்பு.

அந்த ஊருக்கு எதுத்தாப்ல ஒரு தீவு. தெக்க இருந்து சோழகக் காத்து நல்லா அடிச்சா, வெத்தலை போட்டு மென்னு துப்புறதுக்குள்ள போயிரலாம். ஆனா அந்த ஊர்ல சோழகக் காத்தைச் சோழகக் காத்துன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. "மாப்ளை"ன்னுதான் சொல்லுவாங்க. வத்தையில ஏறினா முதல்ல மரத்தடியில ரெண்டு வெத்தலை வைக்கணும். "வாங்க மாப்ளே, வாங்க, உங்களை நம்பித்தான் வந்திருக்கோம்"னு கும்பிடணும். உடனே மாப்ளைக்குக் குளுந்துபோகும். விர்ர்ர்ர்னு வருவாரு.

ஆனா புது மாப்பிள்ளை குணம் இருக்கே, அது காத்துக்கும் உண்டு. பாதிக் கடல்ல என்ன நினைப்பாரோ, "நான் வரலை, போ"ன்னு படுத்துக்குவாரு. அவ்வளவுதான். பாய் தொங்கிப்போகும். வத்தை தொளக் தொளக்குன்னு நின்ன இடத்துலயே ஆடிக்கிட்டுக் கிடக்கும்.

"தள்ளிக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

அதான் இல்ல! தண்டு, அதான் நீளத் துடுப்பு, அதை வச்சு வலிச்சா படகு போகும், ஊரு உலகத்துக்கெல்லாம் தெரியும். ஆனா அந்த ஊர்ல மட்டும் வத்தையில தண்டு ஏத்தக் கூடாது. ஏத்துனா மாப்ளைக்கு அவமானமாம். "என்னை வீட்டுல உக்கார வச்சுட்டு, பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுத் தேங்கா உடைக்கச் சொல்றியா?"ன்னு ஒரேயடியாக் கோவிச்சுக்கிட்டுப் போயிருவாராம். அதனால காத்து நின்னா எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டுக் கடல்லயே உக்காந்திருப்பாங்க. ஒருத்தன் பொண்டாட்டிக்கு வலி எடுத்த சேதி கேட்டுக் கிளம்புனான். அவன் வீடு வந்து சேரும்போது புள்ளை பொறந்து, பேரு வச்சு, அவனைப் பாத்துப் பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்குது.

"ம்."

அப்பாடா, வந்துச்சு ஒரு "ம்". அந்தக் குருவம்மாவுக்கு ஒரு தம்பி. பூவலிங்கம்னு பேரு. தாயில்லாப் புள்ளைக. அவனை இடுப்புல தூக்கிச் சோறு ஊட்டி வளத்ததே குருவம்மாதான். அவன் பெரியவனாகித் தீவுல போயிக் குடியேறிட்டான். புது வீடு கட்டிப் பால் காய்ச்சுனான். அக்கா கிளம்புனா. பாதிக் கடல்ல மாப்ளை படுத்துட்டாரு. போக முடியலை. அப்புறம் அவனுக்குப் பொண்ணு பாத்துப் பரிசம் போட்டாங்க. அக்கா கிளம்புனா. பாதிக் கடல்ல மாப்ளை மறுபடியும் படுத்துட்டாரு. அன்னைக்கும் போக முடியலை.

"காத்து நின்னுபோச்சுடா தம்பி"ன்னு சொல்லி அனுப்புனா. அவன் நம்பணுமே! "என் வீட்டுக்கு வரும்போது மட்டும் பாத்துக் காத்து நிக்குதாக்கும்? நான் பெரிய ஆளாயிட்டேன்னு அக்காவுக்குப் பொறாமை"ன்னு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டான். கோவம் வந்தா ஆம்பளைக்குப் புத்தி முழங்காலுக்குப் போயிரும்டி தேனு, உங்கப்பனையே எடுத்துக்கயேன்.

அப்போ கல்யாணம் குறிச்சாங்க. வெள்ளிக்கிழமை உச்சிக்கு முன்னாடி முகூர்த்தம். திங்கக்கிழமை காலையில தீவுலேருந்து ஒரு ஆளு சேதி கொண்டாந்தான். என்ன சேதி தெரியுமா? "தாலியில மூணு முடிச்சு. முதல் முடிச்சு மாப்பிள்ளை நான் போடுவேன். மத்த ரெண்டும் கூடப் பொறந்தவ போடணும். அக்கா வந்தாப் போடட்டும். வரலைன்னா பெரியப்பா மக பவளக்கொடி போடுவா. அதுக்கப்புறம் எனக்கு அக்கான்னா அவதான். இந்தக் குருவம்மா யாருன்னே எனக்குத் தெரியாது."

குருவம்மா அப்படியே உக்காந்துட்டா. கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது. தூக்கி வளத்த புள்ளை இப்படிச் சொன்னா யாருக்குத்தான் தாங்கும்?

"முந்தின நாளே போயிர வேண்டியதுதானே அத்தை?"

கேப்பேன்னு தெரியும். அதுக்கும் ஒரு சட்டம் வச்சிருந்தாங்க. சீர்த்தட்டு கொண்டுபோற அக்கா, கல்யாணத்தன்னைக்கு விடிஞ்ச பிறகுதான் வீட்டை விட்டு எறங்கணும். முந்தியே போயி உக்காந்தா சீருக்கு மதிப்பில்லையாம். எந்த மகராசி இந்தச் சட்டத்தைப் போட்டாளோ, அவளை மட்டும் பாத்தேன்னா நல்லாக் கேட்டுருவேன்.

அப்புறம் குருவம்மா மூக்கைச் சிந்திப் போட்டுட்டு எந்திரிச்சா. "மாப்ளையாவது மண்ணாங்கட்டியாவது. நான் தண்டு போடப் போறேன்"னா. மலைச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அடியே, காத்து காதுல விழுந்துறப் போகுது, மெதுவாப் பேசு"ங்குறான். அந்த ஊர்ல தண்டை யாரும் கண்ணால கண்டதே கிடையாது. எப்படி இருக்கும், எங்க மாட்டணும், ஒண்ணும் தெரியாது. இவளா எதையோ யோசிச்சு, வீட்டுல நெல்லுக் குத்துற உலக்கையைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டுக் கடற்கரைக்கு நடந்தா.

"உலக்கை எதுக்குடி?"ன்னான் மலைச்சாமி.

"கடலைக் குத்திப் புடைக்க. பேசாம வத்தையைத் தள்ளுங்க, இன்னைக்கு வெள்ளோட்டம்தான்."

போனாங்க. பாதிக் கடல்ல வழக்கம்போல மாப்ளை படுத்தாச்சு. குருவம்மா உலக்கையை வத்தை விளிம்புல சாச்சு வச்சா. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு இழு இழுத்தா. விளிம்போ வழுவழுன்னு இருக்கு, உலக்கையோ உருண்டையா இருக்கு, பிடிச்சு நிறுத்த அங்க என்ன இருக்கு? சர்ருன்னு வழுக்குச்சு. தடால்! குருவம்மா தலைகீழாத் தண்ணியில. ரெண்டு காலு மட்டும் மேல தெரியுது. உலக்கைக்கு அடியில இரும்புப் பூணு, அது குளுக்குன்னு அடிக்கே போயிருச்சு.

"ஹிஹிஹி."

சிரிடி, சிரி. நீ விழுந்திருந்தா தெரியும். மலைச்சாமி அவ முடியைப் பிடிச்சு மேல தூக்குறான். அப்போதான் ஒண்ணு நடந்துச்சு. படுத்திருந்த காத்து ஒத்தைக் கண்ணைத் தொறந்து பாத்துச்சு. "என்னது இது? என்னை வச்சுக்கிட்டே உலக்கையா?"ன்னு அதுக்குப் பொச்சரிப்பு வந்துருச்சு. எந்திரிச்சு விர்ர்ர்ர்ர்னு அடிச்சுச்சு பாரு, வத்தை தீவுக்கரை வரைக்கும் பறந்து போயித் திரும்பி வந்துச்சு.

மலைச்சாமிக்கு ஒரே கும்மாளம். "பாத்தியா? தண்டெல்லாம் வேண்டாம்டி. உலக்கையைக் காட்டினாப் போதும், மாப்ளை ஓடியாந்துருவாரு"ன்னான். குருவம்மாவுக்கு மனசு ஒப்பலை. "ஒரு தடவை ஏமாந்தவரு மறு தடவையும் ஏமாறுவாரா? அதுவும் இல்லாம இருந்த ஒரு உலக்கையும் போச்சு"ன்னா.

"ம்."

அப்புறம் புதன்கிழமை. இந்தத் தடவை ரெண்டு சவுக்குக் கம்பு வெட்டுனா. கம்பு சும்மா போனா தண்ணி கிழிஞ்சு வழி விட்டுருது, தண்ணியைத் தள்ள அகலமா ஏதாவது வேணும்னு தெரிஞ்சுக்கிட்டா. என்ன செஞ்சா தெரியுமா? அரிசி புடைக்கிற முறம் ரெண்டை எடுத்துக் கம்பு நுனியில கட்டிப்புட்டா. கம்பு வழுக்காம இருக்க, வத்தை விளிம்புல இந்தப் பக்கம் ரெண்டு முளை, அந்தப் பக்கம் ரெண்டு முளை, டொக் டொக்குன்னு அடிச்சா. ரெண்டு முளைக்கும் நடுவுல கம்பை வச்சா நிக்கும்ல?

போனாங்க. பாதிக் கடல். மாப்ளை படுத்தாச்சு. மலைச்சாமி முறத்தைத் தூக்கி அப்படியும் இப்படியும் ஆட்டிக் காட்டுறான். காத்து கையைத் தலைக்கு முட்டுக் குடுத்துக்கிட்டுப் படுத்தபடியே சிரிக்குது. "காட்டு, காட்டு. அன்னைக்கு உலக்கை, இன்னைக்கு முறம். நாளைக்கு அம்மிக்கல்லைக் கொண்டு வா"ங்குது. ஒரு அங்குலம் அசையலை.

அப்போ குருவம்மா குறுக்குப் பலகையில உக்காந்தா. தீவைப் பாத்துத்தான் உக்காந்தா. கல்யாண வீட்டுக்குப் போறவ அந்தப் பக்கம் பாத்துத்தானே போகணும்? முளையும் அதுக்குத் தக்கன கைக்கு எட்டுற மாதிரி முன்னாடிதான் அடிச்சிருந்தா. "ஏலேலோ"ன்னு கம்பைத் தன் பக்கமா இழுத்தா. வத்தை நகந்துச்சு!

"நகருதுடி! நகருதுடி!"ன்னு மலைச்சாமி குதிக்கிறான். இன்னும் ஓங்கி இழுத்தா. சளப். இன்னும் வேகமா நகருது. சளப், சளப். ரொம்ப நேரம் கழிச்சு மலைச்சாமி மோவாயைச் சொறிஞ்சுக்கிட்டுக் கேட்டான், "ஏ குருவம்மா, தீவு ஏன் சின்னதாகிக்கிட்டே போகுது?"

"ஹ்ம்... பின்னாடி போகுது!"

பின்னாடிதான் போகுது! அவ இழுக்க இழுக்க வத்தை வந்த வழியே வீட்டுக்குப் போகுது. "போனா இப்படித்தான் போவியா?"ன்னு கோவத்துல இன்னும் ஓங்கி இழுத்தா, இன்னும் வேகமாப் பின்னாடி போகுது. கம்பு முளையை விட்டு எகிறி டொக்குன்னு மலைச்சாமி மோவாயில போட்டுச்சு. முறம் ஊறி நாரு நாராப் பிரிஞ்சு மிதக்குது. கரை தட்டுற நேரத்துல கம்பு மட்டும்தான் மிச்சம். கரையில மீன் காயப்போட்டுக்கிட்டிருந்த பொம்பளைக எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாளுக. "என்ன குருவம்மா, அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சுருச்சா? சாப்பாடு எப்படி?"ங்குறாளுக.

குருவம்மா மணல்ல தொப்புன்னு உக்காந்தா. அழப் போறான்னு எல்லாரும் பாத்தாங்க. அவ முகம் கோணுச்சு, உதடு துடிச்சுச்சு. அப்புறம் திடீர்னு கெக்கெக்கேன்னு சிரிக்க ஆரம்பிச்சா.

"என்னடி, மோவாயில அடி வாங்கினது நானு, கிறுக்கு உனக்குப் பிடிச்சிருச்சா?"ன்னான் மலைச்சாமி.

"இல்லைய்யா. என் முதுகு எந்தப் பக்கம் இருந்துச்சோ அந்தப் பக்கம்தானே வத்தை வந்துச்சு? அப்போ தீவுக்கு முதுகைக் காட்டி உக்காந்தா தீவுக்குப் போகும்ல?"

பூமாத்தான்னு ஒரு கிழவி, ஊர்ல எல்லாத்துக்கும் குத்தம் சொல்றவ, அவதான் முதல்ல வாயைத் தொறந்தா. "நல்ல காரியத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டா போவ? இது அடுக்குமா? நீ தண்டு ஏத்துனதுக்கே மாப்ளை மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு."

"ஆத்தா, முகத்தைக் காட்டிக்கிட்டு ரெண்டு தடவை கிளம்பி, ரெண்டு தடவையும் போய்ச் சேராம என் தம்பிய இழக்கப் பாத்தேன். இப்ப முதுகைக் காட்டியாவது போயிச் சேந்துக்கிறேன். முகம் காட்டத்தான் என் வீட்டுக்காரரு எதிர்ல உக்காந்து வரப்போறாரே, அவருக்கும் ஒரு வேலை வேண்டாமா?"

"ம்... ம்."

தூங்கிறாதடி, இனிமேதான் கதவு வருது. மறுநா வியாழக்கிழமை. விடிஞ்சாக் கல்யாணம். முறம் ஊறிப்போகும், கெட்டிப் பலகை வேணும். வீட்டைச் சுத்திச் சுத்திப் பாக்குறா. அடுப்படியில இல்ல, கொல்லையில இல்ல. கண்ணு வாசல்ல போயி நின்னுச்சு. ரெட்டைக் கதவு. ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. கச்சிதம்!

கழட்டிப்புட்டா. ரெண்டு கதவையும் அறுத்து, கம்பு நுனிக்கு ஒரு பலகை, கம்பு நுனிக்கு ஒரு பலகைன்னு ஆணி வச்சு அறைஞ்சா. டங் டங் டங். மலைச்சாமி சந்தைக்குப் போயிட்டு வந்து வாசல்ல நிக்கிறான். கதவைத் தள்ளலாம்னு கையை நீட்டுனவன் நேரா உள்ள போயி அடுப்புக்கிட்ட விழுந்தான்.

"ஏ குருவம்மா! கதவு எங்கடி?"

"கடலுக்குப் போகுது."

"திருடன் வந்தா?"

"வந்தா உக்காரச் சொல்லுங்க, நான் வந்து பேசிக்கிறேன்."

அப்புறம் முளை. பழைய முளையைப் பிடுங்கிப் போட்டா. இந்தத் தடவை பக்கத்துக்கு ஒண்ணுதான், நல்லாக் கெட்டியான புளியங்கட்டையில. திரும்பி உக்காந்து ரெண்டு கையையும் நீட்டிப் பாத்து, கைக்குத் தோதான இடம் எதுவோ அங்க அடிச்சா. ரொம்பக் கிட்ட அடிச்சா தண்டு வயித்துல குத்தும், ரொம்ப எட்ட அடிச்சா குப்புற விழணும். அப்புறம் முளையையும் தண்டையும் சேத்து ஒரு கயித்து வளையம் போட்டா, தண்டு எகிறாம இருக்க. தேங்காநார்க் கயிறு. முதல்ல போட்ட முடிச்சு நாலு இழுப்புல அவுந்துபோச்சு. ரெண்டாவது போட்ட முடிச்சு தண்டைத் திரும்பவே விடலை. மூணாவதா, அவளே ஒரு முடிச்சு கண்டுபிடிச்சா. மூணு சுத்து, உள்ள ஒரு நுழை, திருப்பி ஒரு இழு. இழுக்க இழுக்க இறுகும், சாமானியத்துல அவுராது. அவுக்கணும்னா ஒரு இடத்துல நகத்தால ஒரு குத்துக் குத்தணும். எந்த இடம்னு குருவம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இதை ஞாபகம் வச்சுக்க.

"ம்."

வெள்ளிக்கிழமை விடிஞ்சுச்சு. சீர்த்தட்டை ஒரு பக்கம் வச்சா, குடிக்கத் தண்ணிச் செம்பை ஒரு பக்கம் வச்சா. மரத்தடியில வெத்தலையும் வச்சா. மரியாதையை விட்டுக்குடுக்கலை பாரு. "வாங்க மாப்ளே"ன்னா. வந்தாரு. பாதிக் கடல் வரைக்கும் வந்தாரு. படுத்தாரு.

மலைச்சாமி கும்பிட்டுப் பாத்தான். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் மாப்ளே!" காத்து ஒரு கொட்டாவி விட்டுச்சு. "கெஞ்சட்டும், நல்லாக் கெஞ்சட்டும்"னு கண்ணை மூடிக்கிச்சு.

குருவம்மா பாயை எறக்கிச் சுருட்டி ஓரமாப் போட்டா. தீவுக்கு முதுகைக் காட்டி உக்காந்தா. மலைச்சாமி அவ எதிர்ல, தீவைப் பாத்து உக்காந்தான். தண்டு ரெண்டும் தண்ணியில எறங்குச்சு. கிறீச், சளப். கிறீச், சளப். வத்தை போச்சு. தீவுப் பக்கமாவே போச்சு!

"வலது பக்கம் திருப்புடி!"ன்னான் மலைச்சாமி. திருப்புனா. "ஐயோ, வலதுன்னேன்!" "நானும் வலதுதான் திருப்புனேன்!" "உன் வலது இல்லடி, என் வலது!" எதிரும் புதிருமா உக்காந்திருந்தா அப்படித்தானே? வத்தை நின்ன இடத்துல தட்டாமாலை சுத்துது. குருவம்மாவுக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "வலது இடதுன்னு இன்னொரு வாட்டி சொன்னீங்கன்னா தண்டாலேயே ஒண்ணு போட்டுருவேன். செம்பு பக்கமா, தட்டுப் பக்கமான்னு சொல்லுங்க." அதுக்கப்புறம் ஒரு சிக்கலும் இல்ல. "செம்பு பக்கம்!" கிறீச், சளப். "தட்டுப் பக்கம்!" கிறீச், சளப்.

ரொம்ப நேரமா யாரும் கெஞ்சலையேன்னு காத்து கண்ணைத் தொறந்து பாத்துச்சு. வத்தையைக் காணோம்! தூரத்துல போய்க்கிட்டிருக்கு. அடிச்சுப் பிடிச்சு எந்திரிச்சு ஓடிவந்து, குருவம்மா காதுக்கிட்ட மெதுவா, "ஏ குருவம்மா... வேணும்னா பாயை ஏத்திக்கயேன்"னுச்சு.

"இப்ப நேரமில்ல மாப்ளே. அப்புறமா வாங்க."

காத்துக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. பொறந்ததிலேருந்து அதுகிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல. என்ன பண்றதுன்னு தெரியாம வத்தைக்குப் பின்னாலயே சத்தம் காட்டாம வந்துச்சு.

ஆனா தேனு, சிரிக்கிற மாதிரி இல்ல அவ பாடு. கை ரெண்டும் கொப்புளம். கொப்புளம் உடைஞ்சு, அதுல உப்புத் தண்ணி பட்டு, திகுதிகுன்னு எரியுது. விரல் மடங்குனது மடங்குனபடியே தண்டோட ஒட்டிக்கிச்சு. அப்போ முதுகுப் பக்கம் மேளச் சத்தம் கேக்குது. டும் டும், பீப்பீ. அவளுக்குத் திரும்பிப் பாக்க முடியலை, திரும்புனா தண்டு நின்னுபோகும்.

"என்னய்யா தெரியுது?"

"பந்தல் தெரியுது."

கிறீச், சளப். "அப்புறம்?"

"உன் தம்பி தெரியுறான். மாலையும் கழுத்துமா ராசா கணக்கா இருக்கான்டி."

கிறீச், சளப். கண்ணுல தண்ணி முட்டுது. "அப்புறம்?"

"பவளக்கொடி முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டுத் தாலிக்குப் பக்கத்துல நிக்கிறா."

இதைக் கேட்டதும் இழுத்தா பாரு ஒரு இழுப்பு! கிறீச் சளப் கிறீச் சளப் கிறீச் சளப், முளை ரெண்டும் முனகுது, கயித்து வளையம் மட்டும் அப்படியே கெட்டியா நிக்குது.

பந்தல்ல இருந்தவங்க எல்லாரும் கடலைப் பாத்தாங்க. பாயில்லாம ஒரு வத்தை வருது. அதுல ஒரு பொம்பளை முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து வாரா. "யாரு அது?" "உன் அக்கா மாதிரி இருக்கே!" பூவலிங்கம் பாத்தான். அவனுக்குச் சுருக்குன்னு குத்துச்சு. "பாத்தீங்களா திமிரை? ஊரே பாக்க எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வாரா. போடச் சொல்லுங்க கெட்டிமேளத்தை!"ன்னான். தாலியை எடுத்தான். பொண்ணு செவந்தி கழுத்துல முதல் முடிச்சு போட்டான். "பவளக்கொடி, நீ போடு"ன்னான்.

பவளக்கொடி கையை நீட்டுனா.

"அத்தை!"

இருடி. அவ கை தாலிக்கிட்ட போறதுக்குள்ள, ஈரச் சேலையோட, மணலும் சேறுமா, சனத்தை விலக்கிக்கிட்டுக் குருவம்மா ஓடியாந்து நின்னா. மூச்சு வாங்குது. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுனா. விரல் விரியலை. தண்டைப் பிடிச்ச மாதிரியே வளைஞ்சு நிக்குது. உள்ளங்கை ரெண்டும் உரிஞ்சு செவந்து கிடக்கு.

பூவலிங்கம் பாத்தான். முகத்தைப் பாக்கலை, கையைத்தான் பாத்தான்.

"அக்கா... கை என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லடா. காத்து நின்னுபோச்சு."

ரெண்டு தடவை அவனுக்குச் சொல்லி அனுப்புன அதே வார்த்தை. அன்னைக்கெல்லாம் அவன் நம்பலை. இப்ப அந்தக் கையைப் பாத்துக்கிட்டே நிக்கிறான். "அப்போ... அந்த ரெண்டு தடவையும் நெசமாவே காத்துதான் நின்னுச்சா?"ன்னான். "பின்ன, உன்கிட்ட நான் என்னைக்குடா பொய் சொன்னேன்?"ன்னா. அவ்வளவுதான். மாலையும் கழுத்துமா நின்னவன் சின்னப்புள்ளையா ஏங்கி ஏங்கி அழ ஆரம்பிச்சுட்டான். அவ அழ, அவன் அழ, மேளக்காரன் வாசிக்கிறதை விட்டுட்டு மூக்கைச் சிந்துறான். மணவறையில குனிஞ்சு உக்காந்திருந்த செவந்தி தலையைத் தூக்காமலே சொன்னா, "மதினி, அப்புறமா அழுதுக்கலாம். முடிச்சைப் போடுங்க, எனக்குக் கழுத்து வலிக்குது."

குருவம்மா குனிஞ்சா. விரல் மடங்க மாட்டேங்குது, விரிய மாட்டேங்குது. அந்த விரலுக்கு அப்போ தெரிஞ்சது ஒரே ஒரு முடிச்சுதான். மூணு சுத்து, உள்ள ஒரு நுழை, திருப்பி ஒரு இழு. ரெண்டாவது முடிச்சும் அதான். மூணாவது முடிச்சும் அதான்.

அப்போதான் விர்ர்ர்ர்னு உள்ள நுழைஞ்சாரு மாப்ளை, எல்லாம் முடிஞ்ச பிறகு. வந்த வேகத்துல தட்டுல இருந்த மஞ்சள் அரிசியை ஒண்ணு விடாமத் தூக்கி எல்லார் தலையிலயும் போட்டாரு. பவளக்கொடி வாய்க்குள்ள ஒரு பிடி போச்சு.

"ஹிஹி... அப்புறம்?"

அப்புறமென்ன, ஆடிப்பெருக்கு வந்துச்சு. தாலிக்குப் புதுக் கயிறு மாத்தணும்ல? செவந்தி பழைய முடிச்சை அவுக்கப் பாத்தா, வரலை. பூவலிங்கம் பாத்தான், வரலை. பவளக்கொடி பல்லால கடிச்சுப் பாத்தா, ஒரு பல்லு ஆடுனதுதான் மிச்சம். தாலிக் கயித்துல கத்தியோ கத்திரியோ வைக்கக் கூடாது. வேற வழியே இல்ல. குருவம்மாவைக் கூட்டியாந்தாத்தான் ஆகும்.

பூவலிங்கம் பாயை ஏத்திக்கிட்டுக் கிளம்புனான். பாதிக் கடல்ல மாப்ளை...

"படுத்துட்டாரு!"

படுத்துட்டாரு! அவன் என்ன செய்வான்? அக்காவைப் பாத்து அவனும் கதவைக் கழட்டித் தண்டு போட்டு வச்சிருந்தான். அக்கா வீட்டுக்கு முதுகைக் காட்டி உக்காந்தான். கிறீச், சளப். கை ரெண்டும் கொப்புளமாகி, வேர்த்து விறுவிறுத்து அக்கா வாசல்ல வந்து நின்னான். கதவைத் தட்டலாம்னு கையைத் தூக்குனான். தட்டக் கதவில்ல.

உள்ளேருந்து குருவம்மா சொன்னா, "வாடா தம்பி. அன்னைக்கே கழட்டிட்டேன்."

அவ தெரிஞ்சே அந்த முடிச்சைப் போட்டாளா, தெரியாமப் போட்டாளான்னு என்னைக் கேக்காத. வருஷா வருஷம் அவன் வந்து கூட்டிட்டுப் போறான், அவ போயி அவுத்து விட்டு, புதுக் கயித்துலயும் அதே முடிச்சைப் போட்டுட்டு வாரா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"அத்தை..."

என்னடி?

"நேத்து அப்பா பஸ்ஸுல போயி உன்னைக் கூட்டிட்டு வந்தாங்கல்ல... நாளைக்கு ஆடிப்பெருக்குன்னு..."

ஆமா. அதுக்கென்ன இப்போ?

"எங்கம்மா தாலியில மூணாவது முடிச்சு யாரு போட்டா?"

வாயை மூடு. வத்தை கரையேறிருச்சு, தண்டைக் கழட்டி வச்சாச்சு, கதையும் முடிஞ்சுது. தூங்குடி என் தங்கம்.